காருக்குள் வரும் ரோட் சத்தத்தைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சனிக்கிழமை காலை, காரின் நாலு கதவுத் தட்டுகளையும் கழற்றி மதிலில் சாய்த்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நடந்துபோனவர்களில் பாதிப் பேர் நின்று விசாரித்தார்கள். அவர்கள் கேட்டதும், பிறகு சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் வட்ஸ்அப்பில் கேட்டதும்தான் இங்கே இருக்கின்றன. நான் கராஜ்காரன் இல்லை. என் டொயோட்டா அக்குவாவில் இரண்டு முறை, முதல் முறை படு பிழையாக, அப்புறம் அண்ணாவின் ஹொண்டா வெசலிலும் மச்சானின் சுசுகி வேகன் ஆரிலும் கைவைத்த அனுபவம்தான்.

சவுண்ட் புரூஃப் செய்தால் காருக்குள் சத்தமே கேட்காதா?

கேட்கும். "சவுண்ட் புரூஃப்" என்ற பெயரே பாதி ஏமாற்று. சிறிய கார் ஒன்றில் ஒழுங்காகச் செய்த வேலைக்குச் சில டெசிபல் குறையும், அவ்வளவுதான். 3 டெசிபல் குறைந்தால் கூர்ந்து கேட்பவருக்குத் தெரியும். சத்தம் பாதியாகிவிட்டது என்று காது சொல்ல வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 10 டெசிபல் குறைய வேண்டும். வீட்டில் செய்யும் வேலையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் சத்தத்தின் குணம் மாறும். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரியான அதிர்வு போய்விடும், கதவு மூடும்போது கனமாக மூடும், அதிவேகப் பாதையில் பின் சீற்றில் இருக்கிற அம்மாவுடன் குரலை உயர்த்தாமல் கதைக்கலாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, சத்தம் குறைக்க ஒட்டும் ஷீட் வாங்கும் உற்சாகத்தில் இருப்பார்கள். ஆனால் என்னிடம் கேட்டவர்களில் பலரின் பிரச்சினை ரயரில்தான் இருந்தது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் எல்லோரும் இருக்கிற காரையே இழுத்துக்கொண்டு ஓடினோம். ரயர் காய்ந்து கல்லாகிவிட்டது, கதவு ரப்பர் நெளிந்துவிட்டது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பூ, அதாவது ரயரின் மேலுள்ள வெட்டு வடிவம், தேயாமல் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும், இறுகிய ரப்பர் இரையும். ரயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்றும் மறுபக்கம் வாள் பல் மாதிரியும் பட்டால், எலைன்மென்ட் அல்லது ஷொக் பிரச்சினை. அந்த இரைச்சலை எந்த ஷீட்டும் நிறுத்தாது. காற்றையும் பாருங்கள். கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. கூட அடித்திருந்தால் வீதியின் ஒவ்வொரு பொருக்கும் உள்ளே வரும்.

அடுத்தது பெயாரிங். ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் வேகத்தோடு கூடிக்கொண்டே போய், லேசான வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால், பெரும்பாலும் வீல் பெயாரிங்தான். அது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

கடைசியாகக் கதவு ரப்பர். ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் காற்று விசிலடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இரைகிறதென்றால், இப்போது ஷீட்டைப் பற்றிக் கதைக்கலாம்.

டாம்பிங் ஷீட், ஃபோம், வைனல் என்று பல சாமான் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் அதிகக் காசு வீணாகிறது. மூன்றும் மூன்று வேலை செய்யும்.

பியூட்டைல் ஷீட் (டாம்பிங் ஷீட் என்பது இதைத்தான்): ஒட்டும் கறுப்பு ரப்பர், மேலே மெல்லிய அலுமினியத் தாள். தகரத்தின் அதிர்வை அடக்குவதுதான் இதன் வேலை. தகரம் நடுங்கும்போது, தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் அகப்பட்ட ரப்பர் இழுபட்டு, அந்த அசைவைச் சூடாக மாற்றிவிடும். கையால் உணரும் அளவு சூடெல்லாம் கிடையாது. ஒரு பாத்திரத்தைத் தட்டிவிட்டு விரலால் தொட்டால் ஓசை அடங்குமே, அந்த விரல்தான் இந்த ஷீட். வெளியிலிருந்து வருகிற சத்தத்தை இது தடுக்காது.

பாரமான வைனல் ஷீட்: தடுக்கிற வேலை இதற்குத்தான். சதுர மீற்றருக்கு 5 கிலோ அளவில் இருக்கும், வளைந்து கொடுக்கும். பாரம் கூடக் கூடத் தடுப்பதும் கூடும். பாரத்தை இரட்டிப்பாக்கினால் கணக்குப்படி 6 டெசிபல் கூடும், காரில் அவ்வளவு கிடைக்காது. இதற்கு இரண்டு நிபந்தனை. தகரத்தில் நேராக ஒட்டாமல் நடுவில் ஃபோம் இருக்க வேண்டும். இடைவெளி விடாமல் மூட வேண்டும். ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்காத மாதிரி, இடைவெளி விட்ட வைனலில் சத்தமும் நிற்காது.

ஃபோம்: தண்ணீர் குடிக்காத, கண்ணறை மூடிய வகை. தனியாக ஒட்டினால் ரோட் சத்தத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வைனலையும் தகரத்தையும் பிரித்து வைக்கவும், பிளாஸ்டிக் உரசும் கிரீச் சத்தத்தை நிறுத்தவும் நல்லது. பார்சலில் வருகிற முட்டைத்தட்டு ஃபோமைக் காருக்குள் ஒட்டாதீர்கள். தண்ணீரைக் குடிக்கும், தீயும் பிடிக்கும்.

கம்பளி மாதிரியான பஞ்சுப் பொருள் நாலாவது. டிக்கியின் பக்கப் பிளாஸ்டிக்குகளுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் தளர்வாக வைத்தால், அங்கே சுற்றுகிற கூரான சத்தத்தை உறிஞ்சும். மலிவு, பாரமில்லை.

கூரைக்கு ஒட்டும் தார் ரோல் ஆமர் வீதி ஹாட்வெயாரில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே, அது போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்க்க ஒன்றுதான்: வெள்ளித் தாள், கறுப்புப் பசை. டிக்கித் தரையிலும் இரண்டு பின் கதவுகளிலும் ஒட்டிவிட்டு, காசை மிச்சம் பிடித்த பெருமையோடு இருந்தேன். ஏப்ரலில் ஒரு மத்தியானம் காரை வெயிலில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தால், புதிதாகத் தார் ஊற்றிய வீதியில் நிற்கிற மணம். இரண்டு கிழமையில் கதவுக்குள் ஒட்டியது தன் பாரத்திலேயே வழுகி, கண்ணாடி இறங்கும் பாதையில் மடிந்து கிடந்தது. கண்ணாடியை இறக்கினால் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு ஏறியது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஐரோப்பாக் குளிரில் எப்படியோ தெரியாது, கொழும்பு வெயிலுக்குத் தார் வேண்டாம்.

கடையில் தருவது பியூட்டைலா தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூலையில் கொஞ்சம் உரித்து விரலால் இழுங்கள். பியூட்டைல் சூயிங்கம் மாதிரி நூலாக இழுபடும், மணம் மிகக் குறைவு. தார் இழுபடாமல் அறுந்துவிடும், மணம் மூக்கில் ஏறும். அலுமினியத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மிட்டாய்த் தாள் மாதிரி உடனே கிழிந்தால் அது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக், பிரயோசனமில்லை. 2 மில்லிமீற்றர் தடிப்பு சாதாரண வேலைக்குப் போதும். டைனாமேட் மாதிரிப் பெயர் பெற்றவை நல்லவைதான், ஆனால் அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் காசு.

தகரம் முழுவதையும் மூட வேண்டுமா?

தேவையில்லை. இணையத்தில் போடும் படங்களில் முழுக் காரும் வெள்ளிக் கட்டி மாதிரி மின்னும், அது படத்துக்கு. ஒரு தட்டையான தகரத்தின் நடுப்பகுதியில் காற்பங்கிலிருந்து பாதிவரை ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டங்ங் என்று நீளுகிற இடத்துக்குத்தான் ஷீட் வேண்டும். ஒட்டிய பிறகு தட்டினால் டொக் என்று நிற்கும். நின்றுவிட்டால் அடுத்த இடத்துக்குப் போங்கள். மடிப்பும் வளைவும் உள்ள இடம் ஏற்கெனவே டொக் என்றுதான் கேட்கும், அங்கே ஷீட் வீண்.

மிச்சம் பிடிக்கும் காசில் வைனல் வாங்குங்கள்.

எல்லா இடத்துக்கும் காசு இல்லை. ஒரே ஒரு இடம் என்றால் எது?

பின் சில்லுகளின் மேற்பகுதி, அதாவது மட்கார்டின் உட்பக்கம். ஹட்ச்பேக் கார்களில் அந்தத் தகரத்துக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தவிர ஒன்றுமில்லை, ரயர் அடிக்கிற கல்லும் தண்ணீரும் நேராகப் பேசும். டிக்கியின் பக்கத் தட்டுகளைக் கழற்றினால் கைக்கு எட்டும். தகரத்தில் பியூட்டைல், அதன் மேல் ஃபோம், வைனல், மிச்ச வெற்றிடத்தில் பஞ்சு. ஸ்பெயார் வீல் குழியையும் சேர்த்துச் செய்துவிடுங்கள், அது ஒரு பறை.

என் காரில் அதிகம் வித்தியாசம் தெரிந்தது இந்த அரை நாள் வேலையில்தான். கதவு இரண்டாவது. முன் மட்கார்ட் மூன்றாவது, வெளியிலிருந்து பிளாஸ்டிக் லைனரைக் கழற்றிச் செய்ய வேண்டும், சில்லும் கழற்ற வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்கள் அந்த லைனரைக் கழற்றியதும் முதலில் துருவைத் தேடுங்கள். உப்புக் காற்றில் கறள் பிடித்த தகரத்தின் மேல் ஷீட் ஒட்டினால், கறளைப் போர்த்தி வளர்க்கிற வேலைதான்.

கதவை நானே செய்யலாமா?

செய்யலாம். ஒரு கதவுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். கிளிப்புகள் சில உடையும், அதில் சந்தேகமே வேண்டாம். தொடங்குவதற்கு முன்பே பஞ்சிகாவத்தையில் உங்கள் மொடலுக்குப் பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிளிப் ஒன்றைக் கொண்டுபோனால் கடைக்காரர் பார்த்தவுடனே எடுத்துத் தருவார்.

தட்டைக் கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் கறுப்புப் பசையோடு, கதவை மூடியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள். அது தூசிக்குப் போட்டதல்ல, தண்ணீருக்கு. கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் எப்போதும் இறங்கும், எல்லாக் காரிலும். இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சிறிய ஓட்டைகளால் வெளியே போகும். இந்தத் தாள் அந்தத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிறது.

உள்ளே கையை விட்டு வெளித்தகரத்தின் உட்புறத்தைத் துடையுங்கள். பாமசியில் வாங்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் போதும். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ஷீட்டை உள்ளங்கை இரண்டு அளவுத் துண்டுகளாக வெட்டினால் ஓட்டைக்குள்ளால் கொண்டுபோவது லேசு. கையுறை போடுங்கள், அந்த அலுமினிய விளிம்பு பிளேட்தான். ஒட்டியபின் சிறிய ரோலரால் அழுத்தி உருட்டுங்கள், தாளின் மேலுள்ள புடைப்பு வடிவம் தட்டையாகும்வரை. உருட்டாத ஷீட் ஒட்டாத ஷீட். வெளிநாட்டுக்காரர் ஹீட் கன் பிடிப்பார்கள். நம் ஊரில் ஷீட்டை நிழலில் வைத்திருந்தாலே போதும், வெயிலில் விட்டால் கடதாசி உரிக்க முடியாமல் குழைந்துவிடும்.

கதவுக்குள் பஞ்சோ உறிஞ்சும் ஃபோமோ வைக்காதீர்கள். அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டைகளை மூடாதீர்கள். இதை எழுதும்போதே என் அண்ணா சிரிப்பார். அவருடைய வெசலின் முன் இடக் கதவின் அடி விளிம்புவரை, அழகாக, மில்லிமீற்றர் பிசகாமல் ஒட்டினேன். மே மாதம் மழை தொடங்கி மூன்றாம் நாள் அழைத்தார்: "தம்பி, கதவு திறக்கேக்க உள்ளுக்குக் கடல் சத்தம் கேக்குது." பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னுக்கு ஓடும், விட்டால் பின்னுக்கு. ஒரு ஸ்குரூ டிரைவரால் ஓட்டையைக் குத்தியதும் காலில் ஊற்றிய தண்ணீரை ஒரு வாளிக்குக் குறையாமல் சொல்லலாம். (அண்ணா இரண்டு வாளி என்பார்.)

தரைக் காபட்டைத் தூக்கிச் செய்வது அவ்வளவு பிரயோசனமா?

வெசல் மாதிரிக் காரில் ஓரளவு, சிறிய கார்களில் நன்றாகவே. ஆனால் சீற், நடு கொன்சோல் எல்லாம் கழற்ற வேண்டும், ஒரு முழு நாள் போகும். தூக்கியதும் காபட்டின் அடிப்பஞ்சைக் கையால் பிழிந்து பாருங்கள். ஈரம் வந்தால் ஷீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வையுங்கள். பெரும்பாலும் ஏசித் தண்ணீர் போகும் குழாய் அடைபட்டிருக்கும், அல்லது கார் எப்போதோ வெள்ளத்தில் நின்றிருக்கும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவையெல்லாம் எங்கேயோ ஒரு கைக்கு விற்றுப்போய்த்தானே இருக்கும். ஈரத்தை நிறுத்தி, காயவைத்து, பிறகு ஒட்டுங்கள்.

சீற்றையும் பெல்டையும் பிடிக்கும் போல்ட்களைத் திரும்பப் போடும்போது கையால் இறுக்கிவிட்டு விடாதீர்கள். உரிய அளவுக்கு டோர்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். இல்லையென்றால் அதை மட்டும் ஒரு கராஜ் பாஸிடம் கொடுங்கள்.

ஹைபிரிட் காரில் ஏதும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். செம்மஞ்சள் நிற வயர் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள், அது உயர் மின்னழுத்தம். அக்குவாவில் பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று அந்தச் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் துவாரத்தால்தான் போகிறது. அதை ஷீட்டாலோ ஃபோமாலோ, ஏன், ஒரு குஷனாலோகூட மூடினால் பற்றரி சூடாகும், பற்றரி விலையை நான் சொல்லத் தேவையில்லை. வெசலில் பற்றரி டிக்கித் தரைக்கு அடியில். எனேசார்ஜ் (வேகம் குறையும்போது மின்சாரம் சேமிக்கும் வகை) வேகன் ஆரில் முன் பயணி சீற்றுக்கு அடியில் ஒரு சிறிய லித்தியம் பற்றரி இருக்கும்.

ஏர்பேக் வெடித்துவிடாதா?

ஏர்பேக் வயரின் மஞ்சள் சொக்கெட்டை, பற்றரி இணைந்திருக்கும்போதே கழற்றினால் ஆபத்துத்தான். சாதாரண பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். டொயோட்டா சொல்வது 90 செக்கன், நான் பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வருவேன். டிக்கி மின்சாரத்தில் திறக்கும் கார் என்றால் அதைத் திறந்து வைத்துவிட்டுப் பற்றரியைக் கழற்றுங்கள். கண்ணாடிக்கு மேல் ஓரங்களில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்தப் பக்கமே எதையும் ஒட்டவோ திணிக்கவோ வேண்டாம். சில கார்களில் கதவுக்குள் அழுத்தம் உணரும் சென்சர் இருக்கும், அதை மூடாதீர்கள்.

மழை பெய்தால் கூரை பறை அடிக்கிற மாதிரி இருக்கிறது. அதற்கு?

அதற்குப் பியூட்டைல் மருந்து மாதிரி வேலை செய்யும். கூரைத் தகரம் பெரியது, தட்டையானது, மெல்லியது. மழைத்துளி விழுந்தால் நடுங்கும், ஷீட் ஒட்டினால் நடுங்காது. மூன்றில் ஒரு பங்கு மூடினால் போதும். அதற்கு மேல் ஒட்டிக் கூரையில் பாரம் ஏற்றாதீர்கள். மச்சானின் வேகன் ஆரில் செய்துவிட்டு, ஒக்டோபர் இடிமழையில் காலி வீதியில் போனோம். டடடடவென்று இருந்தது தப்தப் என்று மாறியிருந்தது. உட்கூரையை மடங்காமல் கழற்றுவதுதான் கஷ்டம், இரண்டு பேர் வேண்டும்.

வெயில் சூடும் குறையுமா?

பியூட்டைலால் குறையாது. கூரையில் ஷீட்டுக்கு மேல் ஃபோம் வைத்தால் கொஞ்சம். சூட்டில் பெரும்பங்கு கண்ணாடியால்தான் வருகிறது.

பொனட்டுக்கு?

இன்ஜின் சத்தம் கொஞ்சம் குறையும், ரோட் சத்தத்துக்குச் சம்பந்தமில்லை. சூடு தாங்கும் என்று எழுதியிருக்கும் பொருள் மட்டும்.

பாரம் கூடி பெற்றோல் கூடப் போகுமா?

2 மில்லிமீற்றர் பியூட்டைல் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ, வைனல் 5. என் காரில் எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கூட ஏறிய மாதிரி. பெற்றோல் கணக்கில் நான் வித்தியாசம் காணவில்லை.

எவ்வளவு குறைந்தது என்று போனில் அளக்கலாமா?

முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட அளக்கலாம், அந்த எண்ணை வேறு காரோடு ஒப்பிடாதீர்கள். அதே வீதி, அதே வேகம், ஏசி நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, போனை அதே இடத்தில் வைத்து. நான் கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி 80இல் ஒரே துண்டில் அளப்பேன். நகருக்குள் அளக்க முடியாது, பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி வந்தால் கணக்குக் குழம்பும். இன்னொன்று: செயலிகள் பெரும்பாலும் மனிதக் காதுக்கு ஏற்றபடி தாழ்ந்த சத்தத்தைக் குறைத்தே எண்ணும். அதனால் அதிர்வு போய்க் காது நிம்மதியான பிறகும் எண் 2தான் இறங்கியிருக்கும். எண்ணைப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

எல்லாம் செய்த பிறகு முன்பு இல்லாத சத்தங்கள் கேட்கின்றனவே?

முன்பும் இருந்தவைதான். இரவில் வீதி அடங்கியதும் குசினிக் குழாய் சொட்டுவது கேட்குமே, அப்படி. எனக்கு டாஷ்போர்டுக்குள் ஒரு டிக்டிக், பிரேக் பிடிக்கும்போது ஹைபிரிட்டின் கீச்சு, பின் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டுவது. கடைசியைத் துணி டேப்பால் சுற்றினேன். டிக்டிக்கை மூன்று மாதம் தேடி, கிளவ் பொக்ஸுக்குள் கிடந்த ஐந்து ரூபாய்க் குற்றியாகக் கண்டுபிடித்தேன்.

காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் ஹோர்ன் அடிப்பது குறையுமா?

குறையாது. அது கண்ணாடியால் வருகிறது, தகரத்தால் அல்ல. இதே காரணத்தால் அம்புலன்ஸ் கேட்காமல் போகுமோ என்ற பயமும் வேண்டாம். ஊர்ந்து போகிற டிராபிக்கில் மட்டும் ஓடுபவர் என்றால் இந்தச் செலவே உங்களுக்குத் தேவையில்லை. ரயர் சத்தம் மேலோங்குவது 40, 50 தாண்டிய பிறகுதான்.

கராஜில் கொடுத்தால் என்ன கேட்க வேண்டும்?

மூடுவதற்கு முன் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் வேலை முடிந்து வந்த சிநேகிதனின் கதவைத் திறந்து பார்த்தோம். கைக்கு எட்டிய இடத்தில் மட்டும் இரண்டு துண்டு, தண்ணீர்த் தாள் கிழிந்து தொங்கியது. எத்தனை சதுர மீற்றர், என்ன பொருள், எந்த இடம் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால் நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

பிறகு டிங்கரிங் வேலை வந்தால் ஷீட்டைக் கழற்றலாமா?

கழற்றலாம், ஆனால் சந்தோஷமான வேலை இல்லை. ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசையை, உரித்த ஷீட் துண்டின் ஒட்டும் பக்கத்தாலேயே ஒற்றி ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மீதியை மண்ணெண்ணெய் தொட்ட துணியால், கதவெல்லாம் திறந்து வைத்து, பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல் துடையுங்கள். வெல்டிங் இருக்கிறதென்றால் அந்த இடத்து ஷீட்டையும் ஃபோமையும் முழுதாக எடுத்த பிறகுதான் பாஸ் தொடங்க வேண்டும். உள்ளே ஷீட் இருக்கிறதென்று அவருக்கு வெளியிலிருந்து தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.